வாங்குறத குறைச்சு, மனசாட்சியோட செலவு பண்ணி குடும்பம் நடத்த முடியுமா?

முடியும்ங்க. நான் ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம்ங்கிற கடலோர ஊர் பக்கம், எங்க வீட்டுல செலவுன்னா முதல்ல மீன்தான், அதனால அங்கேருந்தே சொல்றேன்.

நண்டு வாங்கும்போது திருப்பிப் போட்டு வயித்தைப் பாருங்க. அடியில மஞ்சளா பஞ்சு மாதிரி கொத்தா ஒட்டியிருந்தா அது சினை நண்டு, பொரிக்கிற நாள் நெருங்க நெருங்க அந்த மஞ்சள் கறுத்துப்போகும். ஒரு நண்டுல லட்சக்கணக்குல முட்டை இருக்கும். ருசியா இருக்குன்னு அதையே கேட்டு வாங்குறவங்க இருக்காங்க, நாம வாங்க வாங்க பிடிச்சிட்டும் வருவாங்க. நான் வாங்குறதில்ல. எங்க தெருவுக்கு வர்ற அக்காகிட்ட சொன்னப்போ "என்னத்தா, காசு குடுத்து வாங்குறதுக்கு இம்புட்டு யோசனையா"ன்னாங்க, காசு குடுக்குறதாலதான் யோசிக்கணும்னு சொன்னேன், இப்ப எனக்குன்னா சினை இல்லாததா பாத்து எடுத்து வைக்கிறாங்க.

ஏப்ரல் 15 லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், விலை ஏறும். அப்ப எங்கேருந்தோ ஐஸ் பொட்டில வர்ற மீனுக்கு அலையாம, முன்னாடியே வாங்கி வச்ச கருவாட்டைப் போட்டு கத்தரிக்கா முருங்கைக்கா குழம்பு வச்சிடுவேன், வாரத்துல மூணு நாள் மீன் இல்லன்னாலும் ஒண்ணும் ஆகிடாது.

மீன் வாங்க தூக்குச்சட்டி கொண்டு போவேன். 2019 ஜனவரிலயே கேரி பேக்குக்கு தடை வந்தாச்சு, ஆனா சந்தைல இன்னும் குடுக்கத்தான் செய்றாங்க. அது கடல்ல மிதந்தா சொறிமீன்னு, அதாவது ஜெல்லி மீன்னு நெனச்சு ஆமை தின்னுடுது. மன்னார் வளைகுடால 21 தீவு, சுத்தி பவளப்பாறை, கடல்பசுன்னு அவ்வளவையும் வாசல்லயே வச்சிக்கிட்டு அதுல குப்பையைப் போட எனக்கு மனசு வரல.

வருசா வருசம் பிளாஸ்டிக் டப்பா செட்டு வாங்குறதையும் விட்டுட்டேன், மூடி ஒண்ணு தொலைஞ்சா மொத்தமும் வீண். வெங்காயம், பூண்டு, வத்தல் எல்லாம் ஓலைக்கொட்டான்லதான், பனையோலைல முடைஞ்ச கூடை அது. காத்தோட்டமா இருக்கறதால வெங்காயம் சீக்கிரம் அழுகாது, ஓரம் பிரிஞ்சா ஓலைய விட்டு முடைஞ்சுக்கலாம், ரொம்ப நைஞ்சா அடுப்புல போட்டுடலாம். சாயல்குடி பக்கம் போனா பனையோலை முடையிறவங்ககிட்ட நேரா வாங்குங்க, கருப்பட்டியும் அங்கயே வாங்கலாம். பேரம் மட்டும் பேசாதீங்க, ஓலைய கிழிச்சு கிழிச்சு அவங்க விரலெல்லாம் வெட்டுக்காயமா இருக்கும்.