முடவாட்டுக்கால் பெரணி: கேள்வி பதில்

குமரி மாவட்டத்துக் கீரிப்பாறை, காளிகேசம் பகுதிகளில் பாறையையும் மரத்தையும் பற்றிப் படரும் பெரணியைக் கண்டுவந்த அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

தக்கலையிலிருந்து: ஐயா, முடவாட்டுக்கால் கிழங்கு என்று விற்கிறார்களே, அதுவும் இப்பெரணியும் ஒன்றா?

ஒன்றுதான். ஆனால் கிழங்கு என்பது வழக்குச்சொல் மட்டுமே. மண்ணுக்குள் பருக்கும் வள்ளிக்கிழங்கைப் போன்றதன்று இது; பாறையின் மேலும் மரத்தின் மேலும் ஊர்ந்து செல்லும் சதைப்பற்றுள்ள தண்டு. பழுப்புநிறச் செதில்கள் மயிர்போல அடர்ந்திருப்பதால் அது ஆட்டுக்காலைப் போலத் தோன்றுகிறது. 1753-இல் இதற்குப் பெயரிட்ட ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ், இலை ஓக் மர இலையை ஒத்திருப்பதைக் கண்டு ‘குவெர்சிஃபோலியம்’ என்றார். நம் மக்களோ தண்டைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நூல்களில் இதனை டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்று தேடுங்கள்.

குலசேகரத்திலிருந்து: செடியின் அடியில் பல இலைகள் காய்ந்து பழுப்பாக நிற்கின்றன. நோயாக இருக்குமோ? கிள்ளி எறிந்துவிடலாமா?

தயவுசெய்து கிள்ளாதீர்கள். இச்செடியைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை இதுவே. இதற்கு இருவகை இலைகள் உண்டு. காம்புடன் உயர்ந்து, ஆழமாகப் பிளவுபட்டு, பச்சையாக நிற்பவை உணவு தயாரித்து, இனம் பெருக்கும் நுண்துகள்களான ஸ்போர்களையும் தாங்குகின்றன. காம்பின்றித் தண்டை அணைத்தபடி கிண்ணம்போல் நிற்பவை, பச்சையாகத் தோன்றி விரைவில் பழுப்பேறினாலும், உதிராமல் நெடுங்காலம் நிலைத்திருக்கின்றன. பாறையில் மண் ஏது? மேலிருந்து விழும் சருகு, காற்றில் வரும் தூசி, பறவை எச்சம் ஆகியவை இந்தக் கிண்ணங்களில் சேர்ந்து மட்கி, மழைநீரைப் பஞ்சுபோலப் பிடித்துவைக்க, செடியின் வேர்கள் அந்த மட்குக்குள்ளேயே இறங்கிப் பிழைக்கின்றன. செடி தனக்கு வேண்டிய மண்ணைத் தானே திரட்டிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பழுப்பிலையை அகற்றுவது, தோட்டத்தின் மேல்மண்ணை வாரிக் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

பேச்சிப்பாறையிலிருந்து: எங்கள் பலாமரத்தில் இது அடர்ந்து படர்ந்திருக்கிறது. மரத்தின் சாற்றை உறிஞ்சுமா?

உறிஞ்சாது. புல்லுருவி மரத்துக்குள் உறிஞ்சு வேரைச் செலுத்துகிறது. இதுவோ மரப்பட்டையைப் பிடிமானமாக மட்டும் கொள்ளும் தொற்றுத்தாவரம்.

நாகர்கோவிலிலிருந்து: ஆடியில் தழைத்திருந்த பாறையில், மாசி கடைசியில் வெறும் ஈர்க்குகளே நின்றன. பட்டுவிட்டதா?

இல்லை. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் குமரி மாவட்டத்தை நனைப்பதால் இங்கே இதற்குப் பச்சைக்காலம் நீளமானது. வறட்சி வந்ததும் பச்சை இலையின் மடல்கள் உதிர்ந்து நடுநரம்பு மட்டும் மிஞ்சும். தண்டு ஈரத்தைக் காத்துக்கொண்டு காத்திருக்கும். மழை பெய்தவுடன் சுருண்ட இளந்தளிர்கள் எழும். வெப்பமான அடிவாரமும் நடுமலையுமே இதற்கு உகந்த இடங்கள் என்பதால், குளிர்ந்த சிகரங்களில் இதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மார்த்தாண்டத்து ஆசிரியை ஒருவர்: மாணவர்கள் விதையைக் கேட்கிறார்கள். எதைக் காட்டுவது?

பெரணிக்குப் பூவும் விதையும் இல்லை. முதிர்ந்த பச்சை இலையைத் திருப்பி, பக்க நரம்புகளுக்கிடையே இரு வரிசையாக அமைந்த பழுப்புப் புள்ளிகளைக் காட்டுங்கள். அவற்றிலிருந்து உதிரும் ஸ்போர் ஈரமான இடத்தில் முளைத்து, நகத்தளவும் இல்லாத இதயவடிவத் தகடாகிறது. அத்தகட்டின் ஆண் இனச்செல் முட்டையை அடைய நீரில் நீந்தியாக வேண்டும். ஈரம் இல்லையேல் அடுத்த தலைமுறை இல்லை.

அருமனையிலிருந்து: அம்மாவின் மூட்டுவலிக்குச் சூப் வைக்க மலையிலிருந்து எடுத்துவரலாமா?

கொல்லிமலைப் பக்கம் அந்தச் சூப் நெடுநாள் வழக்கம்தான். ஆயினும் வலிக்கு மருத்துவரைக் காண்பதே முறை. வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அனுமதியின்றி எதையும் எடுப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தண்டைப் பாறையிலிருந்து பெயர்க்கும்போது பல ஆண்டுகளாகச் சேர்ந்த மட்கும் கூடவே சரிந்துவிடுகிறது என்பது எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம். வளர்க்க விரும்பினால் நாற்றங்காலில் வளர்த்த செடியின் தண்டுத்துண்டு ஒன்றை வாங்கி, தேங்காய் நார் சுற்றிய மரக்கட்டையில் கட்டி, நிழலில் தொங்கவிடுங்கள். மண்ணில் புதைத்தால் அழுகிவிடும்.