அடுப்பு எங்கே?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் இத்தாலியின் பியமோந்தே பகுதியில் கந்தேலோ என்ற ஊருக்குப் போனோம். இடைக்காலக் கோட்டை என்று சொல்லி அங்குள்ள ‘ரிச்செத்தோ’வுக்கு அழைத்துப்போனார்கள். அரண்மனை என்று எதுவும் கண்ணில் படவில்லை, போர்க்களமும் இல்லை. மதிலுக்குள் வரிசை வரிசையாகக் கல் அறைகள். வெறும் தானியக் கிடங்கு என்றே எனக்குத் தோன்றியது. என் பன்னிரண்டு வயது மகள் மட்டும் “இவர்கள் எங்கே சமைத்தார்கள்?” என்று கேட்டபடியே வந்தாள். நேரமாகிவிட்டதால் அவளை இழுத்துக்கொண்டு கிளம்பினோம். இதைக் கட்டிய அரசன் யார்? இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? இத்தாலிய வரலாற்றைப் படிக்க நல்ல நூல்களையும் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே,

நூல்களைப் பற்றி வேறொரு நாள். எந்த அரசனும் அதைக் கட்டவில்லை. அந்தக் கேள்வியை இத்துடன் விட்டுவிடுவோம். சில நாட்களாகக் கந்தேலோ நினைவாகவே இருந்தேன். உங்கள் மகளின் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவளுக்குப் பதில் சொல்லாமல் ஏன் இழுத்துக்கொண்டு கிளம்பினீர்கள்? அன்று உங்கள் குடும்பத்தில் அந்த இடத்தை உண்மையில் பார்த்தவள் அவள்தான்.

அவர்கள் அங்கே சமைக்கவில்லை. அங்கே குடியிருக்கவே இல்லை. வீடும் அடுப்பும் தொழுவமும் மதிலுக்கு வெளியே இருந்தன. உள்ளே இருந்தவை தானியமும் திராட்சை மதுவும். ஆபத்து வரும்போது மட்டும் மனிதர்கள் உள்ளே ஓடிவருவார்கள். அது நீங்கியதும் வீடு திரும்புவார்கள். ‘ரிச்செத்தோ’ என்பதே, ஏற்றுக்கொள்ளும் இடம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். 13ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடையில் ஊர்க் குடியானவர்களே கூடிக் கட்டினார்கள். சுமார் 13,000 சதுர மீட்டர், அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று மேல்; அதில் ஏறத்தாழ 200 அறைகள். இப்பகுதியை ஆண்ட சவோய் மரபினரும், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளே தமக்கொரு மாளிகை எழுப்பிக்கொண்ட பிரபு செபஸ்தியானோ ஃபெரேரோவும் பின்னால் வந்தவர்கள்.

வெறும் கிடங்கு என்கிறீர்கள். அந்த ‘வெறும்’ எனக்குக் கோபமூட்டுகிறது. ஓர் ஊர் தன் கல்லையும் உழைப்பையும் எதைச் சுற்றி வைப்பது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறது. வீட்டைச் சுற்றி வைக்கவில்லை. கூரை எரிந்தால் மீண்டும் வேய்ந்துகொள்ளலாம். விதைத் தானியம் போனால் அடுத்த ஆண்டே போயிற்று. கொள்ளையடிக்க வருபவனும் அதைத் தேடித்தான் வருகிறான். 1306இல், திருச்சபையால் வேட்டையாடப்பட்ட மதப் போதகர் தோல்சினோவும் அவரைப் பின்பற்றியவர்களும் கந்தேலோவுக்கு அருகிலுள்ள பியெல்லா மலைகளில் அரண் அமைத்துக்கொண்டு, பசி தாளாமல் சுற்றியிருந்த ஊர்களைச் சூறையாடினார்கள். 1307 மார்ச்சில் பட்டினியால் நலிந்த நிலையில் பிடிபட்டார்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காவியத்தில் தோல்சினோவுக்குச் சொல்லியனுப்பும் எச்சரிக்கையே, பனி சூழ்வதற்குள் உணவைச் சேர்த்துவைத்துக்கொள் என்பதுதான். 1361இல் ‘வெள்ளைப் படை’ பியமோந்தேக்குள் இறங்கியது. பிரான்சில் போர் ஓய்ந்து வேலையற்றுப்போன கூலிவீரர்கள். அப்படிப்பட்ட படைக்குச் சம்பளம் தவறலாம், சாப்பாடு தவறாது. அது அடுத்தவன் களஞ்சியத்திலிருந்து வரும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு ‘வெறும்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

நான் அங்கே போனது ஓர் அக்டோபர் மாலை. மழை பெய்துகொண்டிருந்தது. கூழாங்கல் பாவிய சந்தின் நடுப்பகுதி தாழ்ந்திருந்ததால் தண்ணீர் நடுவிலேயே ஓடியது. தன் அறைக் கதவைத் திறந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னை உள்ளே வரச் சொல்லிச் சைகை காட்டினார். மண் தரை. புளித்த திராட்சையின் வாடை சுவரிலேயே ஊறியிருந்தது. எனக்கு அவர் மொழி தெரியாது. அவர் குனிந்து என் கையைப் பிடித்துத் தரையில் வைத்தார். சில்லென்று ஈரமாக இருந்தது. பிறகு வெளியே கூட்டிவந்தார். மேல்தளத்துக்கு உள்ளே படி கிடையாது. தெருவிலிருந்து ஏணி வைத்து மர நடைமாடத்தில் ஏற வேண்டும். மேலே என் கையைப் பலகையில் வைத்தார். வெளியே அவ்வளவு மழை, பலகையில் பொட்டு ஈரம் இல்லை. மதுவுக்குக் கீழ்த்தளம், தானியத்துக்கு மேல்தளம். வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

இறங்கும்போது மதிலைத் தொட்டுக்காட்டினார். ஆற்றிலிருந்து எடுத்த உருண்டைக் கற்கள். ஒரு வரிசை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அதன் மேல் வரிசை வலப்பக்கம், மீன்முள் போல. எழுநூறு ஆண்டுகளாக நிற்கிறது.

இன்றிரவு சாப்பிடும்போது உங்கள் மகளுக்கு இதைச் சொல்லுங்கள். இழுத்துக்கொண்டு வந்ததற்கு அவளிடம் மன்னிப்பும் கேளுங்கள். அவள் அங்கே படம் எடுத்திருந்தால் ஒன்றை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். வாசல் கோபுரம் வேண்டாம், அது என்னிடம் நிறைய இருக்கிறது. சாய்ந்த கற்கள் தெரியும்படி மதிலை எடுத்த படமாக இருக்கட்டும்.