ரோமானியர்கள் ஏன் சிலுவையில் அறைந்து கொன்றார்கள்? வாளால் வெட்டினால் உடனே முடிந்திருக்குமே?

சிலுவையில் அறைதல் என்பது, தண்டனை பெற்றவரை மரத்தில் ஆணியடித்தோ கயிற்றால் கட்டியோ தொங்கவிட்டு, மெல்ல மெல்லச் சாகவிடுவது. உயிர் போகப் பல மணி நேரம் ஆகும், சில சமயம் நாட்கள்கூட.

அந்தத் தாமதம்தான் நோக்கமே. கொல்வது மட்டும் வேண்டுமென்றால் வாள் போதும். ரோமானிய அரசுக்கு வேண்டியிருந்தது, போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்து நடுங்குவது. வயலில் செத்த காக்கை ஒன்றைக் கம்பில் கட்டித் தொங்கவிடுவார்கள் அல்லவா, மற்ற காக்கைகள் அண்டாமல் இருக்க? அதையே மனிதர்களை வைத்துச் செய்தார்கள்.

கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையிலான அடிமைகளின் கிளர்ச்சி தோற்றது. பிடிபட்டவர்களில் சுமார் 6,000 பேரைக் கப்புவா நகரிலிருந்து ரோம் வரை அப்பியன் சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தார்கள். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரம். கணக்குப் போட்டால் முப்பது மீட்டர் சொச்சத்துக்கு ஒருவர். அந்த வழியாகச் சந்தைக்குப் போன ஓர் அடிமையின் மனநிலையை நினைத்துப் பாருங்கள்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது, தண்டனை ஆளைப் பார்த்து மாறியதுதான். ரோமக் குடிமக்களுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு. அடிமைகளும் கிளர்ச்சிக்காரர்களும் குடியுரிமை இல்லாத எளியவர்களும்தான் சிலுவைக்குப் போனார்கள். கி.பி. 4ஆம் நூற்றாண்டில்தான் ரோமில் இது வழக்கொழிந்தது.

அப்புறம், இது இயேசுவுக்கென்றே வந்த தண்டனை என்று பலர் நினைக்கிறார்கள். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாரசீகர்களும் கார்த்தேஜ் நாட்டவரும் இதைச் செய்தார்கள், அவரோடு அன்றே இன்னும் இருவர் அறையப்பட்டதாக பைபிளின் நற்செய்தி நூல்களும் சொல்கின்றன.