பையன் பேக்ல வேப் சிக்கிடுச்சு, மாமா சொல்றபடி வாட்ஸ்அப் சாட்டை அழிச்சிடலாமா?

கேள்வி: வணக்கம் சார். சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல இருக்கோம், பிள்ளைங்க ரெண்டு பேரும் இங்கயே பொறந்தவங்க, சிட்டிசன். மகன் செக் த்ரீ (உயர்நிலை 3), வயசு 15. போன வாரம் ஸ்கூல் டாய்லெட்ல ஏதோ வாசனை வந்துச்சுன்னு டிசிப்ளின் மாஸ்டர் நாலஞ்சு பசங்க பேக்கைக் கொட்டிப் பார்த்திருக்காரு, இவன் பென்சில் கேஸ்ல ஒரு வேப்பும், அதான் இ-சிகரெட், அதுல மாட்டற ரெண்டு பாட் குப்பியும் இருந்துச்சாம். முதல்ல "என்னோடது இல்ல, கிளாஸ்மேட் வச்சிக்கச் சொன்னான்"னு சொன்னவன், ஒரு மணி நேரம் ரூம்ல உக்கார வச்சதுக்கு அப்புறம், நானும் இழுத்தேன், ரெண்டு பேருக்கு இழுக்கக் கொடுத்தேன், ஒருத்தன் ஒரு பாடுக்கு 15 வெள்ளி பேநவ்ல அனுப்பினான்னு எழுதிக் கையெழுத்து போட்டிருக்கான். எங்களுக்கு போன் வந்ததே சாயங்காலம் நாலு மணிக்கு. வேப்பை ஹெச்எஸ்ஏ, அதான் சுகாதார அறிவியல் ஆணையம், டெஸ்ட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க, இவனை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க, ரோத்தானும் (பிரம்படி) இருக்கும்னு சொல்றாங்க. போனை மட்டும் மறுநாள் திருப்பிக் கொடுத்துட்டாங்க. என் தம்பி "வாட்ஸ்அப் எல்லாத்தையும் அழிச்சிடு, மிரட்டி எழுத வச்சாங்கன்னு சொல்லச் சொல்லு"ங்கறான். எங்களைக் கூப்பிடாம பேக்கைப் பார்க்க ஸ்கூலுக்கு உரிமை இருக்கா? இவன் மேல கிரிமினல் ரெக்கார்ட் வந்துடுமா? பாலிக்கு, அதான் பாலிடெக்னிக்குக்கு, போக முடியுமா?

பதில்: அக்கா, ஒரு வக்கீலா அவசரமானதை முதல்ல சொல்லிடறேன். சாட் எதையும் அழிக்காதீங்க, போனை ரீசெட் பண்ணாதீங்க, தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டு புதுசு வாங்கிக் கொடுக்காதீங்க. விசாரணை வரும்னு தெரிஞ்சே ஆதாரத்தை அழிச்சா அது பீனல் கோட் 204ஏ, ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில் போடலாம். உங்க பையனுக்கு 16 ஆகல, அவனுக்கு யூத் கோர்ட் இருக்கு, உங்க தம்பிக்கு யூத் கோர்ட் கிடையாது, அதை அவர்கிட்ட மெதுவா சொல்லுங்க. அழிச்சாலும் ஒரு பிரயோஜனமும் இல்ல, அதே சாட் காசு அனுப்பின அந்தப் பையன் போன்ல இருக்கு, 15 வெள்ளி வந்த கணக்கு பேங்க்ல இருக்கு.

இப்ப பேக் விஷயம். ஸ்கூல் போலீஸ் இல்ல, ஆனா ஸ்கூல் நேரத்துல பிள்ளைங்களைப் பார்த்துக்கிற பொறுப்பு அவங்களோடது, ஸ்கூல் ரூல்ஸ்லயே பேக் செக் பண்ணலாம், தடை செஞ்ச பொருளைப் பிடுங்கி வைக்கலாம்னு பெரும்பாலும் இருக்கும், நீங்களும் சேர்க்கும்போது அதுக்குக் கையெழுத்து போட்டிருப்பீங்க. பெத்தவங்களைக் கூப்பிட்ட பிறகுதான் பேக்கைத் திறக்கணும்னு சட்டம் எதுவும் இல்ல. நாலு மணி வரைக்கும் சொல்லாம இருந்தது எனக்கும் பிடிக்கல, பிரின்சிபால்கிட்ட அதைக் கண்டிப்பா கேளுங்க, ஆனா அதை வச்சு கேஸே நிக்காதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. போன் வேற கதை. பிடுங்கி வைக்கிறது ஒன்னு, பாஸ்வேர்ட் வாங்கி உள்ள நோண்டுறது இன்னொன்னு, அதுக்கான அதிகாரத்தை சட்டம் போலீஸ், சிஎன்பி (போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு) மாதிரி விசாரணை பண்றவங்களுக்குத்தான் கொடுத்திருக்கு, டீச்சருக்கு இல்ல. யூரின் டெஸ்ட்டும் அப்படித்தான், ஸ்கூல் எடுக்க முடியாது, ஆனா அதிகாரம் உள்ள ஆபீசர் கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியாது, காரணமில்லாம மறுத்தா அதுவே தனிக் குற்றம்.

அவன் எழுதின அந்தப் பேப்பர்தான் எனக்குக் கவலை. ஸ்கூல்ல எழுதினதுதானேன்னு எல்லாரும் சாதாரணமா நினைக்கிறாங்க. சாட்சி சட்டத்துல அப்படி ஒரு வித்தியாசம் இல்ல, கிரிமினல் ப்ரொசீஜர் கோட் 258படி ஒருத்தர் எப்ப எங்க எழுதினாலும் சொன்னாலும் அவருக்கு எதிரா கோர்ட்ல வைக்கலாம். விதிவிலக்கு என்னன்னா, அதிகாரத்துல இருக்கிற ஒருத்தர் மிரட்டியோ ஆசை காட்டியோ வாக்கு கொடுத்தோ வாங்கினதா இருந்தா ஜட்ஜ் அதை ஒதுக்கலாம். அதனால உங்க தம்பி சொல்ற மாதிரி மிரட்டினாங்கன்னு கதை கட்டாதீங்க, அதுக்குப் பதிலா இன்னிக்கே பையனைத் தனியா உக்கார வச்சு, திட்டாம, நடந்ததை நடந்த மாதிரி கேட்டு எழுதி வைங்க. எத்தனை மணிக்கு ரூமுக்குள்ள போனான், யார் யார் இருந்தாங்க, சாப்பிட விட்டாங்களா, "எழுதிக் கொடு, வீட்டுக்குச் சொல்ல மாட்டேன்"ன்னு யாராவது சொன்னாங்களா, வார்த்தை மாறாம. உண்மையிலயே அப்படி ஒன்னு நடந்திருந்தா அது எனக்கு உதவும், நடக்காததைச் சேர்த்தா நடந்ததையும் யாரும் நம்ப மாட்டாங்க.

அடுத்தது "கிளாஸ்மேட் வச்சிக்கச் சொன்னான்". முதல்ல சொன்னதும் இதுதான், அப்புறம் எழுதினதுலயும் பாதி இதுதான்னு நினைக்கிறேன். பிள்ளைங்க நினைக்கிறது யாரு காசு கொடுத்து வாங்கினானோ அவன்தான் மாட்டுவான்னு. வேப்பை வச்சிருக்கிறதே 2018 பிப்ரவரி 1லேர்ந்து குற்றம், யாரோடதுங்கறது கேள்வியே இல்ல. அந்தப் பாட்ல எட்டோமிடேட்ங்கற மயக்க மருந்து இருந்தா, அதாவது கேபாட், அப்ப இன்னும் மோசம், அது மிஸ்யூஸ் ஆஃப் ட்ரக்ஸ் ஆக்ட்டுக்குள்ள, அதான் போதைப்பொருள் சட்டத்துக்குள்ள, வந்துடும். அந்தச் சட்டத்துல உன்கிட்ட இருந்துச்சா, அப்ப அது என்னன்னு உனக்குத் தெரியும்னு கோர்ட் முதல்லயே எடுத்துக்கும், தெரியாதுன்னு நிரூபிக்கிற வேலை நம்மளோடது. இன்னொன்னு, ரெண்டு மூணு பேர் சேர்ந்திருக்கும்போது மத்தவங்களுக்குத் தெரிஞ்சு அவங்க சம்மதத்தோட ஒருத்தன் வச்சிருந்தா எல்லாருமே வச்சிருந்ததா அர்த்தம்.

எட்டோமிடேட்ங்கறது ஆஸ்பத்திரில மயக்கம் கொடுக்கிற மருந்து. இதுக்கு முன்னாடி அது பாய்சன்ஸ் ஆக்ட்ல (நச்சுப்பொருள் சட்டம்) இருந்துச்சு, 2025 ஜூலைல ஹெச்எஸ்ஏ பிடிபட்ட வேப்ல நூத்துக்கு மேல டெஸ்ட் பண்ணப்ப மூணுல ஒரு பங்குல இது இருந்துச்சு, ஆகஸ்ட்ல பிரதமர் லாரன்ஸ் வோங் தேசிய தினப் பேரணி உரையில இனிமே வேப்பை போதைப்பொருள் பிரச்சினையாத்தான் பார்ப்போம்னு சொன்னாரு, 2025 செப்டம்பர் 1லேர்ந்து கிளாஸ் சி ட்ரக்கா, அதாவது ட்ரக்ஸ் ஆக்ட்ல வர்ற மூணாவது வகைப் போதைப்பொருளா, போட்டுட்டாங்க. அப்ப இதை இடைக்கால ஏற்பாடாத்தான் கொண்டுவந்தாங்க, பின்னாடி தனிச் சட்டம் வரும்னு சொல்லியிருந்தாங்க. ஆனா உங்க பையன் மாட்டினது செப்டம்பர் 1க்கு அப்புறம், இந்த இடைக்கால ஏற்பாடு இருக்கிற நேரத்துல, அதனால இதுதான் அவனுக்கு. பாடைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது அக்கா, சாதா பாடும் கேபாடும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் குப்பிதான், மேல ஒட்டியிருக்கிற மேங்கோ படம் கூட ஒன்னாத்தான் இருக்கும். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் "நார்மல் வேப்தான் சார்"ன்னு எந்த ஆபீசர்கிட்டயும் நீங்களா சர்டிபிகேட் கொடுக்காதீங்க.

இப்ப அந்த 15 வெள்ளி. இதைத்தான் நிதானமா படிக்கணும். ட்ரக்ஸ் ஆக்ட்ல டிராஃபிக்கிங்னா கிலோ கணக்குல காஸ்வேல கடத்துறதுன்னு நாம எல்லாரும் நினைச்சுட்டிருக்கோம். சட்டத்துல விக்கிறது, கொடுக்கிறது, கொண்டுபோறது, அனுப்பறது எல்லாமே டிராஃபிக்கிங், கொடுக்கறேன்னு சொன்னாலே போதும். காசு வாங்கணும்னு அவசியமே இல்ல. டாய்லெட்ல பக்கத்துல நிக்கிறவன்கிட்ட "இந்தா ஒரு இழுப்பு"ன்னு நீட்டினது, அதுல கிளாஸ் சி ட்ரக் இருந்தா, எழுத்துப்படி டிராஃபிக்கிங்தான். பெரியவங்களுக்கு அதுக்கு குறைஞ்சது 2 வருஷம் ஜெயில், 2 பிரம்படி, அதிகபட்சம் 10 வருஷம், 5 பிரம்படி. 15 வயசுப் பையனுக்கு அப்படியே இது வராது, யூத் கோர்ட் திருத்தறதைத்தான் முதல்ல பார்க்கும், ப்ரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு), சீர்திருத்த ஹோம் மாதிரி வேற வழிகள் இருக்கு, சார்ஜ் பண்றதா இல்லையாங்கறதே ப்ராசிகியூஷன் முடிவு. ஆனா வெறும் இழுத்தவனை நடத்துற மாதிரி பாடை வித்தவனை நடத்த மாட்டாங்க, அந்த ஒரு பேநவ்தான் உங்க பையனை இந்தக் கோட்டுலேர்ந்து அந்தக் கோட்டுக்குத் தள்ளுது.

இதுல ஒரு சின்ன வெளிச்சமும் இருக்கு. 2019ல அப்பீல் கோர்ட் ஒரு தீர்ப்புல சொல்லிருக்கு, ஒருத்தன் கொடுத்து வைக்கச் சொன்னதை அவனுக்கே திருப்பிக் கொடுக்கத்தான் வச்சிருந்தான்னா அது டிராஃபிக்கிங் இல்ல, வச்சிருந்த குற்றம் மட்டும்தான். பேக்ல இருந்த அந்த ரெண்டு பாட் அந்தக் கிளாஸ்மேட்டோடதா, அவன்கிட்டயே போகப்போறதா இருந்துச்சா? 15 வெள்ளி பாடை வித்த காசா, இல்ல வேற ஏதோ கடனா? சாட்ல "நாளைக்கு எடுத்துட்டு வாடா, எனக்கு வேணும்"னு அவன் மெசேஜ் இருந்தா அது உங்க பையனைக் காப்பாத்துற மெசேஜ். அதைத்தான் உங்க தம்பி அழிக்கச் சொல்றாரு.

ஸ்கூல்ல போதைப்பொருள் பத்தி டாக் கொடுக்காம இல்ல, அசெம்ப்ளில சிஎன்பி வந்து பேசறாங்க, எக்சிபிஷன் வைக்கிறாங்க. என்கிட்ட வர்ற பசங்க எல்லாருக்கும் ஹெராயின் தெரியும், ஐஸ் தெரியும், தூக்குத்தண்டனை தெரியும். நண்பனுக்குக் கொடுத்தா என்னாகும்னு மட்டும் ஒருத்தனுக்கும் தெரியாது. செக் ஒன் பிள்ளைக்கு சிரிஞ்ச் படத்தைக் காட்டறதை விட "கொஞ்சம் வச்சிக்கடா, ரீசஸ்ல வாங்கிக்கறேன்"னு ஒருத்தன் சொன்னா என்ன பதில் சொல்றதுன்னு சொல்லிக் கொடுத்தா என் ஆபீஸ்ல பாதிக் கூட்டம் குறையும்.

ரோத்தான், சஸ்பென்ஷன் பத்தி சுருக்கமா. ஸ்கூல் ரெகுலேஷன்ல ஆம்பளைப் பசங்களை மட்டும்தான் அடிக்கலாம், பிரின்சிபாலோ அவர் அனுமதி கொடுத்தவரோதான், லேசான பிரம்பால உள்ளங்கையிலயோ உடுப்புக்கு மேல பின்பக்கத்துலயோ. உங்க சம்மதம் சட்டப்படி தேவையில்ல. உடம்புக்கு ஏதாவது இருந்தா டாக்டர் லெட்டரோட முன்னாடியே போய்ப் பேசுங்க, இல்லன்னா இதுல சண்டை போட்டு உங்க சக்தியை வீணாக்காதீங்க.

ரெக்கார்ட் கேட்டீங்க. டெஸ்ட்ல எட்டோமிடேட் இல்லன்னா 18 வயசுக்குக் கீழ முதல் தடவைக்கு 500 வெள்ளி, கட்டிட்டா அது கோர்ட் தண்டனை இல்ல. இருந்தா, முதல் தடவை இழுத்ததுக்கு அதே 500 வெள்ளியோட ஆறு மாசம் வரைக்கும் கட்டாய மறுவாழ்வு, கவுன்சலிங். அடுத்த தடவை மாட்டினா சூப்பர்விஷன், யூரின் டெஸ்ட், அதுக்கும் மேல போனா டிஆர்சி, அதாவது போதை மறுவாழ்வு மையம். இதெல்லாம் 2025 செப்டம்பர் 1 கணக்கு, நோட்டீஸ்ல என்ன எழுதியிருக்கோ அதுதான் கடைசி. இந்த வழியிலயே முடிஞ்சா கோர்ட் ரெக்கார்ட் இல்ல, பாலி கதவு சாத்தல. வித்ததுக்குன்னு சார்ஜ் வந்தா மட்டும் பேச்சு மாறும், அப்பவும் அவன் பேரை வெளில போடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, பேப்பர்ல வந்துடுமோன்னு பயப்பட வேணாம்.

போலீஸோ சிஎன்பியோ அவனைக் கூப்பிட்டா நீங்களோ நானோ பக்கத்துல உக்கார முடியாது. 16க்குக் கீழ இருக்கிறதால பயிற்சி எடுத்த வாலண்டியர் ஒருத்தர் கூட இருப்பாரு, 2017லேர்ந்து இந்த ஏற்பாடு இருக்கு. அவர் வக்கீல் இல்ல, பதில் சொல்லித் தர மாட்டாரு, பிள்ளைக்குக் கேள்வி புரியுதா, பயத்துல உறைஞ்சு போயிருக்கானான்னு பார்ப்பாரு. பையனுக்கு ரெண்டு விஷயம் சொல்லி அனுப்புங்க. பொய் சொல்லக்கூடாது. தன்னையே குற்றத்துல மாட்டிவிடற பதிலைச் சொல்லியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. படிச்சுப் பார்த்து, தப்பா இருந்தா திருத்தச் சொல்லிட்டுத்தான் கையெழுத்து.

கடைசியா, வீட்ல இன்னும் ஏதாவது இருக்கான்னு கேளுங்க. எட்டோமிடேட்டை நிறுத்தறது சில பிள்ளைங்களுக்குச் சுலபமா இருக்காது. கை நடுக்கம், நடை தள்ளாட்டம், திடீர்னு மயங்கற மாதிரி ஏதாவது பார்த்தா கேஸை ஓரம் வச்சிட்டு டாக்டர்கிட்ட போங்க. தானா முன்வந்து உதவி கேட்டா தண்டனை இல்லன்னு அரசாங்கம் சொல்லியிருக்கு. பிடிபட்ட இந்தச் சம்பவத்துக்கு அது பொருந்தாது, ஆனா பக்கத்துல நின்னு இழுத்த அந்த ரெண்டு பிள்ளைங்களோட அம்மாக்களுக்கு இன்னும் நேரம் இருக்கலாம், ஹெச்பிபியோட (சுகாதார மேம்பாட்டு வாரியம்) க்விட்லைன் 1800 438 2000ல கூப்பிடலாம். அவங்ககிட்ட இந்த நம்பரை மட்டும் கொடுங்க, கேஸைப் பத்திப் பேசாதீங்க, சாட்சியைக் கலைச்சதா ஆயிடும்.

சார்ஜ் வந்து வக்கீல் வைக்க வசதி இல்லன்னா பப்ளிக் டிஃபெண்டர்ஸ் ஆபீஸ்ல மனு போடலாம், சிட்டிசனுக்கும் பிஆருக்கும் (நிரந்தரவாசி) வருமானத்தைப் பார்த்து வக்கீல் கொடுக்கறாங்க, அங்க கிடைக்கலன்னா ப்ரோ போனோ எஸ்ஜியோட க்ளாஸ்ங்கற சட்ட உதவித் திட்டம் இருக்கு. அதுவரைக்கும் போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணி உங்க அலமாரில வைங்க, தம்பிகிட்ட கொடுக்காதீங்க. ஹெச்எஸ்ஏ லெட்டர் வந்ததும் பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து என்கிட்டயோ வேற வக்கீல்கிட்டயோ காட்டுங்க, அதுல எந்தச் சட்டத்து பேரு இருக்குங்கறதைப் பார்த்துத்தான் மிச்சத்தைச் சொல்ல முடியும்.