வாசகர் கேள்வி–பதில்: அரசிகளும் மயக்க மருந்தும்

கேள்வி: அண்மையில் ஈப்போவில் என் மகளுக்கு வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். முதுகில் ஓர் ஊசி போட்டதோடு சரி; தாதியிடம் பேசிக்கொண்டே பிள்ளை பெற்றுவிட்டாள். தோட்டத்து லயத்தில் மருத்துவச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. கேட்டதெல்லாம் கிடைத்த கிளியோபாட்ரா போன்ற அரசிகளுக்காவது அந்தக் காலத்தில் வலி தெரியாமல் இருக்க மருந்து இருந்ததா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மருந்து இருந்தது, அம்மா, அதை அளந்து கொடுக்கும் வழிதான் இருக்கவில்லை. கி.மு. 51 முதல் 30 வரை எகிப்தை ஆண்ட கிளியோபாட்ரா நான்கு பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களில் இருவர் இரட்டையர். அவருடைய தலைநகரான அலெக்சாந்திரியா மருத்துவக் கல்விக்குப் பேர்போன ஊர். மனித உடலை அறுத்து நரம்புகளின் போக்கை ஆராய்ந்த ஹெரோஃபிலஸ், அவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் முன்பே அங்கே பணியாற்றியவர். கசகசாச் செடியின் பாலிலிருந்து எடுக்கும் அபினும், மாண்டிரேக் என்னும் செடியின் வேரும் உறக்கம் தருபவை என்பதை அக்கால மத்தியதரைக் கடற்கரை வைத்தியர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் எழுதிய டயாஸ்கொரிடீஸ், உடலை அறுக்கும் முன்பும் சூடு போடும் முன்பும் மாண்டிரேக் வேர் ஊறிய மதுவைக் கொடுக்கலாம் என்று தெளிவாகவே குறித்து வைத்திருக்கிறார். நம் பக்கத்தில் சுசுருத சம்கிதையும், குடித்துப் பழகியவருக்கு அறுவைக்கு முன் கடுமையான மதுவைக் கொடுக்கச் சொல்கிறது. (கள்ளுக்கடையோடு வளர்ந்த தோட்டங்களில் இது யாருக்கும் புதுமையாகத் தோன்றாது.)

ஆனால் ஒரு செடியின் வீரியம் இன்னொரு செடியில் இருப்பதில்லை. மண்ணும் பருவமும் மாறினால் அதுவும் மாறும். விழுங்கிய மருந்தைத் திரும்ப எடுக்கவும் முடியாது. உறக்கம் வருகிற அளவுக்கும் மூச்சு நிற்கிற அளவுக்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறைவு என்பதால், கவனமுள்ள வைத்தியர் குறைவாகத்தான் கொடுப்பார். குறைவாகக் கொடுத்தால் வலி போகாது. நோயாளி அரசியாக இருந்தால் வைத்தியரின் கை இன்னும் நடுங்கியிருக்கும் என்பது என் ஊகம். கிளியோபாட்ராவுக்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் எகிப்தைப் பார்வோனாகவே ஆண்ட ஹட்செப்சுட், தாம் பிறந்த கதையைத் தேர் எல்-பஹ்ரி கோயில் சுவரில் செதுக்க வைத்தார். அதில் அவருடைய தாயைப் பேற்றறைக்கு அழைத்துச் செல்பவர்கள் தவளைத் தலைகொண்ட ஹெகெட் முதலான தெய்வங்கள்.

கேள்வி: கிளியோபாட்ரா கைதிகளுக்கு நஞ்சு கொடுத்துச் சோதித்தாராமே? அது உண்மையென்றால் அவரை மருத்துவ ஆராய்ச்சியாளர் என்று சொல்லலாமா?
— இடைநிலைப் பள்ளி மாணவர், பாகான் செராய்

பதில்: இந்தச் செய்தியைச் சொல்பவர் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், அவர் எழுதியது அரசி இறந்து ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு. விரைவாகக் கொல்லும் நஞ்சுகள் வேதனை தருவதையும், ஒருவகைப் பாம்பின் கடி மட்டும் வலிப்போ முனகலோ இல்லாமல் உறக்கம் போன்ற மயக்கத்தைத் தருவதையும் மரண தண்டனைக் கைதிகளிடம் அவர் கண்டறிந்தார் என்பது புளூட்டார்க் தரும் கதை. அது உண்மையாக இருந்தால், வலியில்லாத உணர்விழப்பைத் தேடிய அரசி என்று அவரைச் சொல்லலாம்; ஆனால் அவர் தேடியது பிழைப்பதற்கான வழியை அன்று.

எனக்கு இதில் வேறொரு குறை உண்டு. கருங்கடற்கரையை ஆண்ட ஆறாம் மித்ரிடேட்டஸ் மன்னரும் கைதிகளிடம் நஞ்சைச் சோதித்ததாகவே பழைய நூல்கள் கூறுகின்றன. அவர் பெயரில் அமைந்த முறிமருந்து ஐரோப்பிய மருந்துக் கடைகளில் 18 ஆம் நூற்றாண்டு வரை விலைபோனது. அவருக்கு அறிஞர் என்ற பெயரும் நின்றது. அதே செயல் கிளியோபாட்ராவைச் சூழ்ச்சிக்காரி ஆக்கியது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் (கி.மு. 47–42) இலங்கையில் அனுராதபுரத்தை ஆண்ட அனுலா அரசியைப் பற்றி அந்நாட்டுப் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் சொல்வதும் நஞ்சுக் கதைதான்: தம் துணைவர்களை, அவர்களில் இருவர் தமிழர், ஒருவர்பின் ஒருவராக நஞ்சிட்டுக் கொன்றார் என்கிறது. அந்த நூல் எழுதப்பட்டது ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, பிக்குகளின் கையால். இரண்டு அரசிகளுமே தம் கதையைத் தாமே எழுதி வைத்துப் போகவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: வேலி ஓரத்து ஊமத்தை மயக்க மருந்தாகப் பயன்பட்டதா?
— வாசகர், தஞ்சோங் ரம்புத்தான்

பதில்: பயன்பட்டது. ஜப்பானில் ஹனோகா செய்ஷூ என்னும் மருத்துவர் ஊமத்தையோடு வேறு மூலிகைகளையும் சேர்த்துக் காய்ச்சிய கஷாயத்தைக் கொடுத்து, 1804 அக்டோபரில் ஒரு பெண்ணின் மார்புப் புற்றுக்கட்டியை அகற்றினார். அந்தக் கஷாயத்தின் அளவைக் கண்டுபிடிக்கத் தம் உடலைக் கொடுத்த அவர் மனைவி கண்பார்வையை இழந்தார். வீட்டில் தொடவே வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் முறையான மயக்க மருந்தோடு முதலில் பிள்ளை பெற்ற அரசி யார்?
— முதல் கேள்வியைக் கேட்ட அதே வாசகி

பதில்: நாடாளும் அரசியருள் அந்தப் பெயர் விக்டோரியாவுக்கே உரியது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் ஈதர் கொடுத்து ஒருவரின் கழுத்துக் கட்டியை அறுத்துக் காட்டினார்கள். மறு ஆண்டு எடின்பரோவில் சிம்ப்சன் பேற்று வலிக்குக் குளோரோஃபாரமைக் கொண்டுவந்தார். 1853 ஏப்ரல் 7 அன்று லியோபோல்டு இளவரசர் பிறந்தபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் கைக்குட்டையில் சிறிது சிறிதாகக் குளோரோஃபாரமை விட்டு, 53 நிமிடங்கள் அரசியை முகரச் செய்தார். மூச்சோடு போகும் மருந்து மூச்சோடு வெளியேயும் வரும். கைக்குட்டையை எடுத்துவிட்டால் மயக்கம் தெளியத் தொடங்கும். மாண்டிரேக்குக்கும் அபினுக்கும் இல்லாத அந்த வசதியே எல்லாவற்றையும் மாற்றியது. காற்றில் எவ்வளவு மருந்து கலந்திருக்கிறது என்பதைக் கணக்கிட்டுக் கொடுக்கும் கருவிகளையும் அதே ஸ்னோ வடிவமைத்தார். உங்கள் மகளுக்குப் போட்ட முதுகு ஊசி இன்னும் பிந்தியது. 1898 இல் ஜெர்மனியின் ஆகஸ்ட் பியர் அதைத் தொடங்கி வைத்தார்.

ஆனாலும் குளோரோஃபாரம் சில நோயாளிகளைத் திடீரெனக் கொன்றது. காரணம் தேடி ஐதராபாத் நிஜாமின் செலவில் ஆய்வுக் குழுக்கள் அமைந்தன. மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்கு நேரடி ஆபத்தில்லை என்றது 1889 ஆம் ஆண்டுக் குழு. இதயமே முதலில் தடுமாறி நிற்கக்கூடும் என்பதை 1911 இல் லெவி என்பவர் நிறுவினார். அந்த ஐதராபாத்தில் அப்போது குளோரோஃபாரம் கொடுக்கும் பணியைச் செய்த ரூபா பாய் ஃபுர்தூன்ஜியை உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர் என்று இன்று பலரும் குறிப்பிடுகிறார்கள்.