அட்டைப் பாறையும் விண்கப்பலும்

கேள்வி: விடுமுறைக்கு வந்த பேரனுடன் வளவில் அமர்ந்து 1966இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரைப் பார்த்தேன். “ஐயா, பாறையெல்லாம் அட்டை!” என்று சிரிக்கிறான். இத்தகைய பழைய அறிவியல் புனைவுத் தொடர்கள் இன்றும் தாக்குப்பிடிக்குமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பேரன் சிரிப்பதில் தவறில்லை, பாறை ஆடத்தான் செய்கிறது. ஆனால், வாரந்தோறும் கப்பலைத் தரையிறக்கிக் காட்டப் பணம் போதாததால், மனிதர்கள் ஓரிடத்தில் கரைந்து வேறிடத்தில் தோன்றும் உத்தியைக் கொண்டுவந்தார்களே, அந்தச் சிக்கனத்தில் பிறந்த கற்பனை இன்னும் பழசாகவில்லை. மூடியைத் திறந்து பேசும் கருவியோ, மடக்குச் செல்பேசியாக வந்து, வழக்கொழிந்தும் போய்விட்டது. எனக்கு உறுத்துவது பெண் அதிகாரிகளின் குட்டைப் பாவாடைச் சீருடைதான். அதே வேளையில், பனிப்போர்க் காலத்து அமெரிக்கத் தொடரொன்றில் ரஷ்யர் ஒருவரைக் கப்பல் செலுத்தும் குழுவில் அமர்த்தியதற்குத் துணிவு வேண்டும். 79 பகுதிகளும் தேறா. மூன்றாம் பருவத்தில் சரக்குக் குறைவு. சுரங்கத் தொழிலாளர்களைக் கொல்லும் பாறைப் பிராணி, தன் முட்டைகளைக் காக்கும் தாய் என்று தெரியவரும் 1967ஆம் ஆண்டுப் பகுதியைப் பேரனுக்குப் போட்டுக் காட்டுங்கள். பிராணி என்னவோ கம்பளம் ஊர்ந்து வருவது போலத்தான் இருக்கும். அவன் சிரிப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனித்து எழுதுங்கள்.