பல்பு வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் எல்.இ.டி. போட வேண்டும். கடையில் 7, 9, 12 வாட் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: வாட்டை வைத்துத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். வாட் என்பது பல்பு இழுக்கும் மின்சாரத்தின் அளவு. அது தரும் வெளிச்சத்துக்கு அளவு லூமன். குண்டு பல்பு மட்டுமே புழங்கிய காலத்தில் வாட்டைச் சொன்னாலே வெளிச்சம் புரிந்துவிடும். அந்தப் பழக்கம் நம்மை இன்னும் விடவில்லை. 60 வாட் குண்டு பல்பு தந்தது ஏறக்குறைய 700 முதல் 800 லூமன். பெட்டியைத் திருப்பி, 800 லூமனை ஒட்டி இருப்பதை எடுங்கள். பெரும்பாலும் அது 8 முதல் 10 வாட்டுக்குள் இருக்கும். முன்பக்கம் கொட்டை எழுத்தில் ‘60 வாட்டுக்குச் சமம்’ என்றும், பின்பக்கம் பொடி எழுத்தில் 500 லூமன் என்றும் போட்டிருந்தால் பொடி எழுத்தை நம்புங்கள்.

தினமும் 5 மணி நேரம் எரிந்தால் 60 வாட் பல்பு வருடத்துக்குக் கிட்டத்தட்ட 110 யூனிட் தின்னும். 9 வாட் எல்.இ.டி.க்கு 16 யூனிட் போதும்.

இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வந்தது? குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் பழுக்கக் காய்ந்துதான் ஒளிர்கிறது. உள்ளே போகும் மின்சாரத்தில் நூற்றில் ஐந்து பங்கு வெளிச்சமானாலே பெரிது, மீதி வெப்பம். 1910 வாக்கில் வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டனை வளையும் கம்பியாக இழுக்க வழி கண்டார். 1913-ல் இர்விங் லாங்மியூர் உள்ளே வாயு நிரப்பினார். அதோடு சரி, பிறகு பல பத்தாண்டுகளுக்கு அதே பல்புதான். 1938-ல் விற்பனைக்கு வந்த டியூப் லைட் வேறு வழியில் போனது. குழாய்க்குள் பாதரச ஆவி புற ஊதாக் கதிரை உமிழும், உட்புறத்து வெள்ளைப் பூச்சு அதை வெளிச்சமாக்கும். சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டாலும், பளிச்சென்ற நீலம் கிடைக்க 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெள்ளை எல்.இ.டி. என்பது நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் (நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்கும் பூச்சு) பூசியதுதான். அந்த நீலத்துக்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருந்தது. ஒரு வருடம்கூட ஓடவில்லை. ஏமாற்று வேலையா?

பதில்: சில சமயம் ஆமாம். ஆனால் எப்போதும் அப்படி இல்லை. முதலில், அந்த 25,000 மணி பொதுவாக எதைச் சொல்கிறது என்று பாருங்கள். வெளிச்சம் புதிதில் இருந்ததில் 70 சதவீதமாக இறங்கும்வரை எல்.இ.டி. சில்லு உழைக்கும் காலம் அது. பல்புக்குள் சில்லு மட்டும் இல்லையே. மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் என்ற சிறிய சர்க்யூட் ஒன்று அடிப்பாகத்தில் உட்கார்ந்திருக்கிறது. பல்பு சாவது பெரும்பாலும் அங்கேதான்.

செத்த பல்பு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். (மின்சாரத்தில் மாட்டியிருக்கும்போது வேண்டவே வேண்டாம்.) மேல் மூடியைக் கழற்றினால் வட்டத் தகட்டில் மஞ்சள் பொட்டுகளாகச் சில்லுகள் இருக்கும். அவற்றில் ஒன்றில் கருப்புப் புள்ளி தெரிந்தால் அது கருகிவிட்டது. எல்லாம் ஒரே வரிசையில் கோத்திருப்பதால் ஒன்று போனால் மொத்தமும் அணையும். சில்லுகள் எல்லாம் நன்றாக இருந்தால் டிரைவரைப் பாருங்கள். அதில் உருளையாக ஒரு கெபாசிட்டர் இருக்கும். அதன் தலை புடைத்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம்.

சில்லு, டிரைவர் இரண்டுக்கும் எமன் சூடு. குண்டு பல்புக்குச் சூடு பிழைப்பு, எல்.இ.டி.க்கு அதுவே பகை. காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் சாதாரண எல்.இ.டி. பல்பைப் போட்டால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் சீக்கிரம் போய்விடும். மூடிய விளக்குக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் அங்கே மாட்டுங்கள். ஒரே ஹோல்டரில் அடுத்தடுத்துப் பல்பு போனால், பல்பைத் திட்டுவதற்கு முன் ஹோல்டரில் தளர்ந்த இணைப்பு இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கணக்கை விட வாரண்டி எத்தனை வருடம் என்பது எனக்கு நம்பகமான அளவு. பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் வாரண்டி வெறும் காகிதம்.

கேள்வி: டியூப் லைட்டை அடிக்கடி அணைத்துப் போட்டால் கரண்ட் அதிகம் செலவாகும் என்கிறார்களே?

பதில்: இல்லை. எரியத் தொடங்கும்போது கூடுதலாக இழுப்பது கண நேரம்தான், மீட்டரில் தெரியவே தெரியாது. ஆனால் டியூபும், அதையே சுருக்கி வளைத்த பல்பான சி.எஃப்.எல்.லும் அடிக்கடி போட்டு அணைத்தால் சீக்கிரம் தேயும். எல்.இ.டி.க்கு அந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை.

கேள்வி: புது எல்.இ.டி. நல்ல பிரகாசம்தான். ஆனால் சாப்பாடு, முகம், துணி எல்லாமே வெளிறித் தெரிகிறது. ஏன்?

பதில்: பெட்டியில் இன்னும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று கெல்வின்: 2,700 என்றால் குண்டு பல்பு போன்ற மஞ்சள், 6,500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. வெள்ளையாக இருந்தால்தான் பிரகாசம் என்று நினைத்துப் பலர் 6,500-ஐயே வாங்குகிறார்கள். படுக்கையறையில் அது எனக்குப் பிடிப்பதில்லை. இன்னொன்று சி.ஆர்.ஐ., அதாவது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பது. 100 முழு மதிப்பெண். சாதாரணமாக 80 இருக்கும். சமையலறைக்கும் தையல் மெஷின் பக்கத்துக்கும் 90 கிடைத்தால் விடாதீர்கள். சி.ஆர்.ஐ. பற்றிப் பெட்டியில் பேச்சே இல்லையென்றால் அந்தப் பல்பைக் கீழே வையுங்கள்.

கேள்வி: பழைய சி.எஃப்.எல்.கள் நான்கைந்து கிடக்கின்றன. தூக்கிப் போடலாமா?

பதில்: எரிகிற பல்பைப் போடுவானேன்? அதிகம் புழங்காத இடத்தில் மாட்டி ஆயுள் தீரும்வரை எரியவிடுங்கள். குப்பைத் தொட்டியில் மட்டும் வேண்டாம். உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது, மின்கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். கை தவறி உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம் விடுங்கள். துடைப்பமோ வேக்குவம் கிளீனரோ போட்டால் தூள் பரவும். கெட்டி அட்டையால் வழித்தெடுத்து, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் ஒற்றியெடுத்து, மூடியுள்ள பாட்டிலில் அடைத்துவிடுங்கள்.